முகம் தாங்கும் எடை

மெட்டா நிறுவனத்தின் குவெஸ்ட் 3 என்ற மெய்நிகர் காட்சி (வி.ஆர்.) ஹெட்செட் 515 கிராம் எடை கொண்டது. கையில் வாங்கிப் பார்க்கும்போது அது ஒரு சுமையாகவே தெரிவதில்லை. தலையில் மாட்டி அரை மணி நேரம் கழிந்ததும் கன்ன எலும்பு வலிக்கத் தொடங்குகிறது, மூக்குத்தண்டு கனக்கிறது, புருவங்களுக்கு மேலே ஓர் இறுக்கம் படர்கிறது. கழற்றினால் கண்களைச் சுற்றித் தடம். உடனே பலரும் இன்னும் மெத்தென்ற முகமெத்தை கிடைக்குமா என்று தேடுகிறார்கள். விரலால் அழுத்திப் பார்த்து, எது அதிகம் அமுங்குகிறதோ அதை வாங்குகிறார்கள். கையில் பிடிக்கும் கன்ட்ரோலருக்கு உறை வாங்கும்போதும் இதே வழக்கம்தான். தடிமனாகவும் பஞ்சு போலவும் இருப்பதே நல்லது என்ற எண்ணம். இந்தத் தேர்வுமுறை அடிப்படையிலேயே தவறு என்பது என் வாதம். மென்மை ஓரளவுக்குத்தான் உதவும். சுகத்தைத் தீர்மானிப்பது பொருத்தம்: எடை எந்த இடத்தில் இறங்குகிறது, எவ்வளவு பரப்பில் இறங்குகிறது, எவ்வளவு நேரம் அங்கேயே நிற்கிறது என்பவை. இதற்கான சான்றுகளில் கணிசமானவை லண்டனின் ஆய்வுக்கூடங்களிலும் மருத்துவமனைகளிலும் உருவானவை. ஹெட்செட் என்ற பொருளே இல்லாத காலத்தில், வேறு நோக்கங்களுக்காக உருவானவை என்பதால் அவற்றை இங்கே ஒன்றுசேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

படத்தைக் கண்ணருகே கொண்டுவரும் கருவி லண்டனுக்குப் பழையது. கிங்ஸ் காலேஜ் பேராசிரியர் சார்லஸ் வீட்ஸ்டன் 1838-இல் ராயல் சொசைட்டிக்கு விளக்கிய ஸ்டீரியோஸ்கோப் மேசைமேல் நின்றது. பார்ப்பவர் தம் முகத்தைக் கருவியிடம் கொண்டுபோனார். எடையை மேசை தாங்கியது. டேவிட் புரூஸ்டரின் லென்ஸ் வைத்த வடிவம் 1851-இல் ஹைட் பார்க் மாபெரும் கண்காட்சியில் காட்டப்பட்ட பிறகு வீடுகளுக்குள் புகுந்தது. அதன் எடையைக் கை தாங்கியது. 1861-இல் அமெரிக்காவில் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் வடிவமைத்த கருவியில் நெற்றியோடு ஒட்டும் வளைந்த மறைப்பும், கீழே ஒரு கைப்பிடியும் இருந்தன. முகத்தில் படும் பகுதி, கையில் பிடிக்கும் பகுதி என்ற இரண்டும் அப்போதே வந்துவிட்டன. ஆனால் முகம் எதையும் சுமக்கவில்லை. 1990-இல் லெஸ்டர் நகர நிறுவனமான டபிள்யூ இண்டஸ்ட்ரீஸ், வடக்கு லண்டனின் அலெக்சாண்ட்ரா பேலஸில் நடந்த கணினி வரைகலைக் கண்காட்சியில் தன் வெர்ச்சுவாலிட்டி இயந்திரங்களை அறிமுகப்படுத்தியது. தலையில் மாட்டும் திரை அதன் வழியாக விளையாட்டுக் கூடங்களுக்கு வந்தது. அங்கே ஓர் ஆட்டம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். சில நிமிடங்களுக்கு முகம் எதையும் பொறுத்துக்கொள்ளும். வீட்டில் ஒரு மணி நேரம், பயிற்சி வகுப்பில் இரண்டு மணி நேரம் என்று ஆகும்போது கணக்கு மாறுகிறது.

அந்தக் கணக்கைப் போட்டே பார்க்கலாம். 515 கிராம் என்றால் ஏறத்தாழ 5 நியூட்டன் விசை கீழ்நோக்கி இழுக்கிறது. தலையின் பக்கவாட்டில் ஓடும் பட்டையை மட்டும் இறுக்கி ஹெட்செட்டை நிறுத்துகிறோம் என்று கொள்வோம். அப்போது அது வழுக்கி விழாமல் தடுப்பது தோலுக்கும் மெத்தைக்கும் இடையிலான உராய்வு. உராய்வுக் கெழு 0.5 என்று எடுத்துக்கொண்டால், 5 நியூட்டனைத் தாங்க மெத்தையை முகத்தின்மேல் 10 நியூட்டன் விசையால் அழுத்தியாக வேண்டும். அதாவது சுமையைப்போல் இரு மடங்கு அழுத்தம் முகத்துக்கு. மெத்தையின் சுற்றளவு 35 செ.மீ., அகலம் 2 செ.மீ. என்றால் பரப்பு 70 சதுர செ.மீ. அது முழுவதும் முகத்தோடு படிந்திருந்தால் அழுத்தம் சுமார் 11 மி.மீ. பாதரசம், கவலைக்குரியதல்ல. ஆனால் மெத்தையின் வளைவும் முகத்தின் வளைவும் ஒத்துப்போகாமல், நெற்றியின் நடுவிலும் இரு கன்ன எலும்புகளிலும் மட்டும் அது படுகிறது, மூன்றில் ஒரு பங்குதான் தொடுகிறது என்றால், அதே விசை அந்த இடங்களில் 32 மி.மீ. பாதரசமாக ஏறிவிடுகிறது. ஹெட்செட்டும் அதேதான், பட்டையின் இறுக்கமும் அதேதான், மெத்தையின் துணிகூட அதேதான். தொடும் பரப்பு மட்டுமே மாறியது. கடையில் விரலால் அழுத்திப் பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு தெரியவே தெரியாது, ஏனென்றால் விரல் நுனிக்கு எந்த மெத்தையும் பொருந்திவிடும்.

32 என்ற எண் மருத்துவத்தில் தனி வரலாறு உடையது. அமெரிக்க உடலியலாளர் யூஜீன் லாண்டிஸ், லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையில் டாமஸ் லூயிஸின் ஆய்வுக்கூடத்துக்கு வந்து, நகத்தின் அடித்தோலிலுள்ள தந்துகிகளுக்குள் மிக நுண்ணிய கண்ணாடிக் குழாயைச் செலுத்தி இரத்த அழுத்தத்தை நேரடியாக அளந்தார். 1930-இல் வெளியான அந்த ஆய்வில், தந்துகி வளைவின் தமனிப் பக்கத்தில் சராசரியாக 32, உச்சியில் 20, சிரைப் பக்கத்தில் 12 மி.மீ. பாதரசம் என்ற அளவுகள் கிடைத்தன. மயிரிழையைவிடச் சிறிய குழாய்க்குள் இன்னும் சிறிய குழாயை நுழைத்து அளந்த அந்தக் கைத்திறனை நினைக்க வியப்பாக இருக்கிறது. பின்னர் படுக்கைப்புண்ணைத் தடுக்க மெத்தை செய்தவர்கள், வெளியிலிருந்து வரும் அழுத்தம் 32-ஐத் தாண்டினால் தந்துகி மூடிக்கொள்ளும், தோலுக்கு இரத்தம் வராது என்று எடுத்துக்கொண்டு அதையே ஒரு எல்லைக்கோடாக்கினார்கள். என் கணக்கில் அதே எண் வந்தது தற்செயல். அதைச் சான்றாகக் காட்டி யாரையும் பயமுறுத்த நான் விரும்பவில்லை.

இதற்கு நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. லாண்டிஸ் அளந்தது ஆரோக்கியமானவர்களின் விரல் நுனியை. முகத்தின் தோல் வேறு, அதன் இரத்த ஓட்டம் மிகச் செழிப்பானது. தந்துகியின் அழுத்தமும் ஆளுக்கு ஆள் மாறும். ஹெட்செட் மாட்டிய எவருக்கும் படுக்கைப்புண் வந்துவிடப் போவதில்லை. இந்த மறுப்பை முழுமையாக ஏற்கிறேன். 32 ஓர் எல்லைக்கோடு ஆகாது. ஆனால் அதற்குப் பின்னாலிருக்கும் உறவு நிற்கிறது: அழுத்தம் கூடக் கூட, தோல் அதைப் பொறுக்கும் நேரம் குறைகிறது. 1959-இல் கோசியாக் என்ற ஆய்வாளரும், 1970-களில் ரெஸ்விக், ரோஜர்ஸ் என்ற ஆய்வாளர்களும் அழுத்தத்தையும் நேரத்தையும் ஒரே வரைபடத்தில் வைத்துக் காட்டியது இதைத்தான். லாண்டிஸுக்கு இடம் கொடுத்த லூயிஸே தம் சக ஆய்வாளர் கிராண்ட்டுடன் சேர்ந்து, அழுத்தி நிறுத்திய இரத்த ஓட்டத்தை விடுவித்ததும் தோல் ஏன் சிவந்து சூடாகிறது என்பதை 1925-இல் ஆராய்ந்து வைத்திருந்தார். ஹெட்செட்டைக் கழற்றியதும் நெற்றியில் தோன்றும் தடம் அதுதான். இரத்தம் பற்றாக்குறையாக இருந்த இடத்துக்கு உடல் கூடுதலாக அனுப்பி ஈடுகட்டுகிறது. சில நிமிடங்களில் மறைந்தால் பயப்பட ஒன்றுமில்லை. வெகுநேரம் நின்றால், அதுவும் ஒரே இடத்தில் நின்றால், அங்கே சுமை குவிகிறது என்று பொருள். நம்மைப் போன்ற கரிய, மாநிறத் தோலில் சிவப்பு எளிதில் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே கண்ணாடியில் பார்ப்பதோடு நிற்காமல் விரலால் தொட்டு, எந்த இடம் சூடாக இருக்கிறது, எந்த இடம் தொட்டால் வலிக்கிறது என்று பார்ப்பது நல்லது. தடங்களின் அந்த வரைபடம் எந்த விளம்பர வாசகத்தையும்விட நம்பத்தக்கது.

வலி தோலோடு முடிவதுமில்லை. புருவத்துக்கு மேலேயும் கண்குழிக்குக் கீழேயும் எலும்பிலுள்ள துளைகள் வழியாக உணர்வு நரம்புகள் வெளியே வருகின்றன. ஹெட்செட்டின் மெத்தை சரியாக அவற்றின்மேல்தான் உட்காருகிறது. நெற்றியிலோ தலையிலோ வெளியிலிருந்து தொடர்ந்து அழுத்துவதால் வரும் தலைவலி, சர்வதேசத் தலைவலிச் சங்கத்தின் வகைப்பாட்டில் தனிப் பெயரோடு இடம்பெற்றிருக்கிறது. அழுத்தம் தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் வரும், விலக்கினால் ஒரு மணி நேரத்துக்குள் போகும் என்பது அதன் இலக்கணம். முன்பு அதை நீச்சல் கண்ணாடித் தலைவலி என்றே அழைத்தார்கள். 2020-இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையில், சுவாசக் கவசமும் பாதுகாப்புக் கண்ணாடியும் மணிக்கணக்கில் அணிந்த 158 சுகாதாரப் பணியாளர்களிடம் கேட்டபோது, 128 பேருக்கு அப்படியொரு தலைவலி புதிதாக வந்திருந்தது. போகப் போகப் பழகிவிடும் என்று சொல்பவர்கள் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும். மருத்துவமனைப் பணியாளர்களைவிட அதிகம் பழக்கப்பட்டவர்கள் யார் இருக்கிறார்கள்?

சுவாசக் கவசத்தை இங்கே இழுத்ததற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. முகத்தோடு இறுக்கமாகப் படிய வேண்டிய பொருளை ஒரே வடிவத்தில் செய்தால் என்ன ஆகும் என்ற பரிசோதனை அங்கே ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது. அமெரிக்காவில் சுவாசக் கவசங்களுக்கான முக அளவுத் தரம், 1967-இல் விமானப் படையினரிடம் எடுத்த அளவுகளை வைத்து உருவானது. இளம் வயது, உடல்தகுதி, பெரும்பாலும் வெள்ளை இன ஆண்கள். 2003-இல் ஏறத்தாழ 4,000 தொழிலாளர்களின் முகங்களைப் புதிதாக அளந்தபோது, பழைய தரத்தின் கட்டங்களுக்குள் 15 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் அடங்கவே இல்லை என்று தெரிந்தது. கோவிட் காலத்தில் லண்டன் மருத்துவமனைகளில் இதே சிக்கல் உயிர்ப் பிரச்சினையானது. பிரிட்டனின் சுகாதார, பாதுகாப்பு நிர்வாகத்தின் விதிப்படி, முகத்தோடு இறுகப் படியும் கவசத்தைத் தருவதற்கு முன் ஒவ்வொருவருக்கும் முகப் பொருத்தச் சோதனை செய்ய வேண்டும். கசப்பு அல்லது இனிப்புச் சுவையுள்ள நுண்துளிகளைத் தலைக்கு மேல் மாட்டிய கூண்டுக்குள் தெளித்து, தலையை இடமும் வலமும் திருப்பச் சொல்லி, மேலும் கீழும் அசைக்கச் சொல்லி, குனியச் சொல்லி, பேசச் சொல்லிப் பார்ப்பார்கள். சுவை தெரிந்தால் கவசம் தோற்றது. பெண்களும் ஆசிய வம்சாவளியினரும் இந்தச் சோதனையில் கூடுதலாகத் தோற்றார்கள் என்பதை 2021-இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் உலகெங்குமிருந்து திரட்டிய முடிவுகள் காட்டின. நம் வீட்டுப் பெண்கள் எத்தனை பேர் பிரிட்டனின் மருத்துவமனைகளில் வேலை பார்க்கிறார்கள் என்பதை எண்ணிப் பார்த்தால், இது புள்ளிவிவரமாக மட்டும் நின்றுவிடாது.

ஹெட்செட்டில் காற்று புகுந்தால் யாருக்கும் நோய் வராது, வெளிச்சம்தான் புகும். ஆகவே இந்த ஒப்பீடு மிகையானது என்று சொல்லலாம். ஆபத்தின் அளவில் ஒப்பீடே இல்லைதான். ஆனால் வடிவியல் ஒன்று. மூக்குத்தண்டு தாழ்ந்திருப்பவருக்கு மெத்தையின் மூக்குப் பகுதியில் இடைவெளி விழுகிறது. வெளிச்சம் கசிகிறது என்று பட்டையை இறுக்குகிறார். இறுக்கிய விசை இடைவெளியை அடைப்பதில்லை. ஏற்கெனவே தொட்டுக்கொண்டிருந்த கன்ன எலும்பின்மேல் போய்ச் சேருகிறது. வலி தாங்காமல் தளர்த்துகிறார். இப்போது ஹெட்செட் சற்றே கீழே சரிகிறது, லென்ஸின் மையம் கண்ணின் மையத்தை விட்டு விலகுகிறது, எழுத்து மங்குகிறது. முகமெத்தை உண்மையில் ஓர் ஒளியியல் பாகம். அதன் தடிமன் கண்ணுக்கும் லென்ஸுக்கும் உள்ள தூரத்தைத் தீர்மானிக்கிறது. தடித்த மெத்தை போட்டால் கண் பின்னால் தள்ளப்பட்டு, பார்க்கும் உலகம் குறுகுகிறது. இரு விழிமணிகளுக்கு இடையிலான தூரமும் ஆளுக்கு ஆள் மாறுவது. குவெஸ்ட் 2-இல் அதற்கு 58, 63, 68 மி.மீ. என்று மூன்றே நிலைகள் இருந்தன. லென்ஸ் இடைவெளியை ஒருவரின் கண் இடைவெளிக்குச் சரிசெய்ய முடியாமல் போவதுதான், பெண்களுக்கு மெய்நிகர் காட்சியில் குமட்டல் அதிகம் வருவதற்கு முக்கியக் காரணம் என்று கே ஸ்டேனியும் சக ஆய்வாளர்களும் 2020-இல் காட்டினார்கள். பொருந்தாத மெத்தையால் சரிந்துவிட்ட ஹெட்செட்டில் லென்ஸ் இடைவெளியைச் சரியாக வைத்தும் பயனில்லை. ஆக, முகத்தின் வசதி என்பது சொகுசுக் கூடுதல் என்று ஒதுக்கக்கூடியது அன்று. காட்சியின் தரமே அதில் தொங்குகிறது.

எடை குறைந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது தொழில்நுட்ப ஆர்வலர்கள் அடிக்கடி சொல்லும் பதில். இதற்கு எதிரான சான்று 2016-லேயே வந்துவிட்டது. அந்த ஆண்டு வெளியான சோனியின் பிளேஸ்டேஷன் வி.ஆர். சுமார் 610 கிராம். அதே ஆண்டின் ஓக்குலஸ் ரிஃப்ட் 470 கிராம். ஆனால் சோனியின் கருவி முகத்தில் தொங்கவில்லை. ஒரு வளையம் நெற்றிக்கும் பின்தலைக்கும் இடையே அமர்ந்து சுமையை வாங்கிக்கொண்டது. கண்ணைச் சுற்றி மெல்லிய ரப்பர் மறைப்பு மட்டும் தொட்டது. சோனியின் லண்டன் ஸ்டூடியோ அந்தக் கருவிக்காகவே செய்து 2019-இல் வெளியிட்ட 'பிளட் அண்ட் ட்ரூத்' மணிக்கணக்கில் ஆட வேண்டிய ஆட்டம்; கன்னத்தில் சுமை இறங்காத கருவிக்கே அது ஏற்றது. மறுமுனையில், 2023-இல் வந்த பிக்ஸ்கிரீன் பியாண்ட் வெறும் 127 கிராம். எடை குறைவது மட்டுமே போதும் என்றால் அங்கே எந்த மெத்தையும் போதுமானதாக இருந்திருக்க வேண்டும். அந்த நிறுவனமோ, வாங்குபவரின் முகத்தை ஐபோனால் ஸ்கேன் செய்து, அந்த ஒரு முகத்துக்கென்றே மெத்தையை வார்த்துக் கொடுத்தது. 2024 ஜூலையில் பிரிட்டனில் விற்பனைக்கு வந்த ஆப்பிள் விஷன் ப்ரோவும் முகத்தை ஸ்கேன் செய்து, பல அளவுகளில் உள்ள முகமறைப்புகளிலிருந்து ஒன்றைத் தேர்ந்து தருகிறது. மிக இலகுவான கருவியும் மிக விலையுயர்ந்த கருவியும் ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன. 2016-இன் எச்.டி.சி. வைவ் பெட்டியில்கூட அகலமும் குறுகலுமாக இரண்டு மெத்தைகள் இருந்தன. விலை குறைந்த கருவிகளை வாங்குவோருக்குத்தான் இந்த வசதி தயக்கத்தோடு வந்து சேர்கிறது.

மென்மைக்கு எந்த வேலையும் இல்லை என்று நான் சொல்லவில்லை. முகத்தின் சிறு மேடுபள்ளங்களை அது நிரப்புகிறது. பெரிய வளைவு ஒத்துப்போன பிறகு மீதமிருக்கும் மில்லிமீட்டர்களை ஃபோம் பார்த்துக்கொள்ளும். ஆனால் ஃபோமுக்கு ஒரு குணம் உண்டு. தொடக்கத்தில் சற்று எதிர்க்கும், பிறகு நீண்ட தூரம் எளிதாக அமுங்கும், உள்ளிருக்கும் காற்றறைகள் எல்லாம் நசுங்கியதும் திடீரென்று கெட்டியாகிவிடும். மிக மென்மையான ஃபோம் கன்ன எலும்பில் நேராக அந்தக் கடைசி நிலைக்குப் போய்விடுகிறது. பிறகு அங்கே இருப்பது மெத்தையல்ல, பிளாஸ்டிக் சட்டம்தான். அமுங்கியும் அடியைத் தொடாத நடுத்தர ஃபோமே மேல். மெமரி ஃபோம் உடல் சூட்டில் இளகி வடிவெடுப்பது. சூடேற்றாத லண்டன் அறையில் ஜனவரி மாதம் எடுத்து மாட்டினால் முதல் சில நிமிடங்களுக்கு அது விறைப்பாகவே இருக்கும். அந்த நேரத்தில் பட்டையை இறுக்கிவிட்டு, இளகிய பிறகு மறுபடி சரிசெய்ய மறந்துவிடுவது எளிது. குளிர்காலத்தில் லென்ஸில் ஆவி படிவதும் இதோடு சேர்ந்த தொல்லை. மூக்கருகே ஒரு பொட்டு வெளிச்சமும் வராமல் அடைக்கும் மெத்தை, முகத்தின் ஈரத்தையும் உள்ளேயே வைத்துக்கொள்கிறது. குளிர்ந்த லென்ஸில் அது பனியாகிறது. கொஞ்சம் வெளிச்சம் கசிந்தாலும் காற்றோடும் மெத்தை அங்கே நல்லது.

மேற்பரப்பு எந்தப் பொருளால் ஆனது என்பதில் 2021 ஒரு பெரிய பாடம். குவெஸ்ட் 2-இன் ஃபோம் முகமெத்தையால் தோல் எரிச்சல், தடிப்பு, வீக்கம் என்று அமெரிக்காவில் 5,716 புகார்கள் வந்தன; பாதிக்கப்பட்டவர்களில் சுமார் 45 பேருக்கு மருத்துவ உதவி தேவைப்பட்டது. ஜூலை மாதம், அங்கே விற்ற சுமார் 40 லட்சம் கருவிகளின் மெத்தைகள் திரும்பப் பெறும் அறிவிப்புக்கு உள்ளாயின. மெத்தைமேல் போர்த்திக்கொள்ள சிலிக்கோன் உறையை நிறுவனம் இலவசமாக அனுப்பியது. தோலைப் பொறுத்தவரை அது சரியான தீர்வு. ஆனால் சிலிக்கோன் வியர்வையை உறிஞ்சாது. ஈரத்தில் ஊறிய தோல் எளிதில் உராய்ந்து புண்படும். உடற்பயிற்சி ஆட்டங்கள் ஆடுபவர்களுக்கு அது இன்னொரு தொல்லை. துணி போர்த்திய ஃபோம் வியர்வையை வாங்கிக்கொள்ளும். ஆனால் அதோடு நெற்றியின் திருநீறு, குங்குமம், தலையிலிருந்து இறங்கும் தேங்காய் எண்ணெய் எல்லாவற்றையும் உள்ளே வாங்கி வைத்துக்கொள்ளும், துடைத்தால் போகாது. தனியாளுக்கு, கழற்றித் துவைக்கக்கூடிய துணி உறை போட்ட ஃபோமே பெரும்பாலும் நல்ல தேர்வு. பலர் மாறி மாறி அணியும் இடத்தில் துடைக்கக்கூடிய மேற்பரப்பைத் தவிர வேறு வழியில்லை. அங்கே சுகத்தைச் சற்று விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். ரப்பர், நியோபிரீன் பொருள்களில் சேர்க்கும் சில வேதிப்பொருள்கள் ஒவ்வாமை தருபவை. நீச்சல் கண்ணாடியோ கையுறையோ முன்பு அரிப்பு தந்திருந்தால், அதே பொருளை முகத்தில் கட்டிக்கொள்ளக் கூடாது.

கன்ட்ரோலருக்கு வருவோம். இங்கேயும் லண்டனில் ஒரு முன்னோடி உண்டு. உடற்கூறியலாளர் ஜான் நேப்பியர், ஹோமோ ஹாபிலிஸ் என்ற ஆதிமனித இனத்துக்கு 1964-இல் பெயரிட்ட மூவரில் ஒருவர், 1956-இல் மனிதக் கையின் பிடிகளை இரண்டாக வகுத்தார். சுத்தியலைப் பிடிப்பதுபோல் விரல்கள் மடங்கி உள்ளங்கையோடு சேர்ந்து அழுத்துவது வலுப்பிடி. ஊசியைப் பிடிப்பதுபோல் கட்டைவிரலும் விரல் நுனிகளும் மட்டும் சேர்வது நுண்பிடி. பொருளின் வடிவத்தைவிட, அதைக் கொண்டு என்ன செய்யப் போகிறோம் என்பதே பிடியைத் தீர்மானிக்கிறது என்று அவர் வாதிட்டார். வி.ஆர். கன்ட்ரோலர் இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரே கையிடம் கேட்கிறது. கட்டைவிரல் குச்சியை நகர்த்த வேண்டும், ஆள்காட்டி விரல் விசையை இழுக்க வேண்டும். இவை இரண்டும் விடுதலையாக இருக்க, கருவியைத் தாங்கும் வேலை மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் போகிறது. நீண்ட ஆட்டத்துக்குப் பிறகு முன்கை வலிப்பதன் காரணம் இதுதான்.

வியர்த்த கையில் வழவழப்பான பிளாஸ்டிக் இருந்தால் நிலைமை மோசமாகும். 1984-இல் சுவீடனின் உமியோ நகரில் யோஹான்சனும் வெஸ்ட்லிங்கும் காட்டியபடி, விரல்கள் ஒரு பொருளின் வழுக்கலை உணர்ந்து, அது நழுவாமலிருக்கத் தேவையானதைவிடச் சற்றுக் கூடுதலான விசையை நாம் அறியாமலே செலுத்துகின்றன. மேற்பரப்பு வழுக்க வழுக்கப் பிடி இறுகும். ஆகவே உறையின் பயன் அதன் தடிமனில் இல்லை, உராய்வில் இருக்கிறது. நல்ல சொரசொரப்புள்ள மெல்லிய உறை விரல்களைத் தளர விடும். தடித்த உறையோ கைப்பிடியைப் பருக்க வைக்கிறது. உருளைக் கைப்பிடியின் உகந்த விட்டம் கையின் நீளத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு என்பது 2005-இல் கோங், லோ இருவரின் ஆய்வு முடிவு. 19 செ.மீ. நீளக் கைக்கு அது சுமார் 37 மி.மீ., 17 செ.மீ. கைக்கு 33 மி.மீ. இரண்டு மி.மீ. தடிமனுள்ள உறை விட்டத்தில் 4 மி.மீ. கூட்டும். பெரிய கைக்குச் சரியாக வந்து உட்காரும் அதே உறை, சிறிய கைக்குச் சுமையாகிவிடுகிறது. இருவரும் ஒரே பொருளைப் பற்றி எதிரெதிராகச் சொல்வதில் முரண்பாடு எதுவுமில்லை.

உறையைவிடப் பெரிய மாற்றத்தைத் தருவது புறங்கையின் குறுக்கே போகும் பட்டை. 2019-இன் வால்வ் இண்டெக்ஸ் கன்ட்ரோலரில் அது பிறவியிலேயே இருந்தது. கையை முழுக்க விரித்தாலும் கருவி கையோடு இருக்கும். மற்றக் கருவிகளுக்குத் தனியாக விற்கிறார்கள். தாங்கும் வேலையைச் சுண்டு விரலிடமிருந்து வாங்கிப் புறங்கைக்குக் கொடுப்பதால், நேப்பியர் பிரித்த இரண்டு பிடிகளில் ஒன்று ஓய்வு பெறுகிறது. ஆனால் அதை இறுக்கிக் கட்டினால் விரல் கணுக்களின் எலும்பில் முகத்தில் நடந்த கதையே நடக்கும். இந்தப் பட்டை இருக்கிறதே என்று மணிக்கட்டுக் கயிற்றை விட்டுவிடக் கூடாது. 2006 டிசம்பரில் நிண்டெண்டோ தன் வீ கன்ட்ரோலரின் மெல்லிய கயிறுகள் சுமார் 32 லட்சத்தை மாற்றிக் கொடுக்க நேர்ந்தது, வேகமாக வீசிய கைகளிலிருந்து கயிறறுந்து கருவிகள் பறந்ததால். இன்னொன்றையும் வாங்கும் முன் பார்க்க வேண்டும்: பல கருவிகளில் ஹெட்செட்டின் கேமராக்கள் கன்ட்ரோலரிலுள்ள அகச்சிவப்பு விளக்குகளைப் பார்த்துத்தான் கையின் இடத்தை அறிகின்றன. அவற்றை மறைக்கும் உறை எவ்வளவு சுகமாக இருந்தாலும் உதவாது.

இத்தனைக்கும் செலவு யார் தருவது என்ற கேள்வி எஞ்சியிருக்கிறது, அது கடினமான கேள்விதான். ஒவ்வொரு கருவிக்கும் நான்கு அளவு மெத்தைகள் வைத்தால் விலை ஏறும், பயன்படாத மூன்று குப்பைக்குப் போகும் என்று உற்பத்தியாளர்கள் தரப்பில் சொல்லலாம். பெட்டிக்குள் நான்கையும் வைக்கத் தேவையில்லை. அளவைக் கேட்டு ஒன்றை அனுப்பலாம், ஆப்பிளும் பிக்ஸ்கிரீனும் அதைச் செய்கின்றன. அதற்கும் முன்னால், செலவே இல்லாத ஒரு வேலை இருக்கிறது: மெத்தையின் அகலம், நெற்றி வளைவு, மூக்கு இடைவெளி, கண்ணை எவ்வளவு தூரத்தில் நிறுத்தும் என்ற நான்கு அளவுகளையும் வெளியிடுவது. இன்று மென்மை, சுகம், உயர்தரம் என்ற சொற்களே மெத்தையோடு வருகின்றன. அவற்றை வைத்து யாரும் தம் முகத்தோடு ஒப்பிட முடியாது.

தனியாள் தம் விருப்பத்துக்கு வாங்குவது ஒருபுறம் இருக்கட்டும். தெற்கு லண்டனில் நம்மவர்கள் நிறைய வாழும் டூட்டிங்கில் உள்ள செயின்ட் ஜார்ஜஸ் மருத்துவமனை, உடலின் ஒரு பகுதியை மட்டும் மரக்கச் செய்து நடத்தும் அறுவைச் சிகிச்சைகளின்போது நோயாளியின் பதற்றத்தைக் குறைக்க ஹெட்செட் கொடுத்துப் பார்த்ததை 2019-இல் அறிவித்தது. அங்கே எல்லாக் கணக்கும் தலைகீழ். படுத்திருப்பவருக்கு எடை முழுவதும் நேராக முகத்தின்மேல் இறங்குகிறது. பின்தலையில் கெட்டியான பிளாஸ்டிக் தாங்கி இருந்தால் தலையணைக்கும் மண்டைக்கும் நடுவே அது குத்தும். கொண்டை போட்டவருக்கு இன்னும் மோசம். நிற்பவருக்குச் சிறந்த தாங்கி படுப்பவருக்கு ஆகாது, மெல்லிய துணிப் பட்டையும் கன்னத்தில் அகலமாகப் படியும் மெத்தையும்தான் வேண்டும். அறுவைச் சிகிச்சை மேசையில் கிடக்கும் நோயாளி தானாகத் தளர்த்திக்கொள்ளவும் முடியாது. சுவாசக் கவசத்துக்கு இருக்கும் பொருத்தச் சோதனையைப் போல ஒன்றை இப்படிப்பட்ட இடங்களில் ஹெட்செட்டுக்கும் கொண்டுவரலாம். கசப்பு மருந்து எதுவும் தேவையில்லை. அகலமும் குறுகலுமாக இரண்டு மூன்று மெத்தைகளைக் கையில் வைத்துக்கொண்டு, சிகிச்சைக்கு முந்தைய ஆலோசனையிலேயே பத்து நிமிடம் மாட்டிப் படுக்க வைத்து, தலையைத் திருப்பச் சொல்லி, பேசச் சொல்லி, கழற்றிய பின் முகத்தைத் தொட்டுப் பார்த்து, எந்த மெத்தை என்று நோயாளியின் குறிப்பேட்டில் எழுதி வைத்தால் போதும்.